மெக்சிகோவின் ஊர்த் திருவிழாக்களைப் படமெடுப்பது எப்படி

மெக்சிகோவில் ஓர் ஊரின் பெயரைப் படித்தாலே அங்கே எப்போது திருவிழா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஸ்பானியர் ஆட்சியில் வந்த கிறித்தவத் துறவிகள், ஊர்களின் பழைய பெயர்களுக்கு முன்னால் ஒரு புனிதரின் பெயரைச் சேர்த்தார்கள். அந்தப் புனிதரே ஊரின் பாதுகாவலர். அவருடைய நாளே ஊரின் பெரிய நாள். சான் மிகேல் என்று தொடங்கும் ஊரில் செப்டம்பர் 29, சான் ஹுவான் என்றால் ஜூன் 24, சாந்தியாகோ என்றால் ஜூலை 25, சான் பிரான்சிஸ்கோ என்றால் அக்டோபர் 4, சான் ஆந்திரேஸ் என்றால் நவம்பர் 30. ஆகவே பயணத் தேதி முதலில் முடிவாகிவிட்டால், அந்தத் தேதிக்குரிய புனிதரைத் தெரிந்துகொண்டு, தங்கவிருக்கும் நகரத்தைச் சுற்றி அவர் பெயர் கொண்ட சிற்றூர்களை வரைபடத்தில் தேடலாம். சுற்றுலா விளம்பரங்களில் ஒருபோதும் வராத நல்ல திருவிழாக்கள் பல இப்படித்தான் கிடைக்கும்.

தவக்காலத்துக்கு முந்தைய களியாட்டமான கார்னிவல், புனித வாரம், கோர்பூஸ் கிறிஸ்தி எனும் நற்கருணைப் பெருவிழா ஆகியவை ஈஸ்டரைப் பொறுத்து ஆண்டுதோறும் இடம் மாறுபவை என்பதால், அவற்றுக்கு நாட்காட்டியைப் பார்த்துத்தான் திட்டமிட வேண்டும். எந்தத் திருவிழாவாக இருந்தாலும், ஓரிரு நாள் முன்னதாக ஊருக்குச் சென்று கோயில் வாசலிலோ ஊராட்சிக் கட்டடச் சுவரிலோ ஒட்டியிருக்கும் நிகழ்ச்சிநிரலைப் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஊர்வலம் எந்தத் தெருவில் தொடங்கும், எந்த நாளில் எந்த நடனக்குழு ஆடும், வாணவேடிக்கை எப்போது என்பதெல்லாம் அதில் இருக்கும். நேரங்கள் பிந்தலாம், வரிசை பெரும்பாலும் மாறாது.

எதைப் படமெடுக்கப் போகிறோம் என்பதிலும் ஒரு தெளிவு தேவை. ஜூலையில் வஹாக்கா நகரத்தில் நடக்கும் கெலகெட்சா, பல வட்டாரங்களின் உடைகளையும் நடனங்களையும் ஒரே நாளில் காணும் வாய்ப்பைத் தருகிறது. ஆனால் அது அரங்கத்தில், இருக்கைகளில் அமர்ந்திருக்கும் பார்வையாளர்களுக்காக நிகழ்த்தப்படுவது. ஊர்த் திருவிழாவில் பார்வையாளர் என்று தனியாக ஓர் இனம் இல்லை. புனிதருக்காக ஆடுகிறார்கள், இறந்தவர்களுக்காகச் சமைக்கிறார்கள், மழைக்காக அடித்துக்கொள்கிறார்கள். கேமராவுடன் நிற்பவர் அந்தக் கணக்கில் சேராதவர். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் எங்கே நிற்பது, எப்போது கேமராவைக் கீழே இறக்குவது என்பவை தாமாகவே பிடிபடத் தொடங்கும்.

திருவிழாவின் உள்ளமைப்பு

திருவிழாவின் செலவையும் பொறுப்பையும் ஏற்பவர் மயோர்தோமோ எனப்படுகிறார். மண்டகப்படி எடுத்துச் செய்பவரை அறிந்த நமக்கு இவரைப் புரிந்துகொள்வது கடினமன்று. இந்தப் பொறுப்புக்கே கார்கோ என்று பெயர். அந்தச் சொல்லுக்குச் சுமை என்றும் பொருள் உண்டு. ஓர் ஆண்டுக்கு அவருடைய குடும்பம் புனிதருக்கு மெழுகுவர்த்தியும் பூவும் இசையும் விருந்தும் அளிக்கக் கடமைப்பட்டிருக்கிறது. நடனமாடுபவர்களிலும் பலர் நேர்த்திக்கடனுக்காக ஆடுபவர்கள். வஹாக்காப் பள்ளத்தாக்கில் உள்ள தெயோதித்லான் தெல் வாயே என்ற நெசவாளர் ஊரில், பெரிய இறகு மகுடம் அணிந்து ஆடும் தான்சா தே லா புளூமா நடனத்துக்கு முன்வரும் இளைஞர்கள் மூன்று ஆண்டுகளுக்கு உறுதி அளிக்கிறார்கள்.

பாதுகாவலர் திருவிழாவின் வரிசை பல ஊர்களில் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும். திருநாளுக்கு முந்தைய நாள் விஸ்பெரா. அன்று கோயில் அலங்காரம், மயோர்தோமோ வீட்டில் சமையல், சில வட்டாரங்களில் இசைக்குழுவுடன் இரவு ஊர்வலம். மறுநாள் விடியற்காலையில் புனிதருக்கு மன்யானீத்தாஸ் எனும் வாழ்த்துப் பாடல். பிறகு திருப்பலி, சிலையைச் சுமந்து வரும் ஊர்வலம், கோயில் முற்றத்தில் நடனங்கள், மயோர்தோமோ வீட்டில் விருந்து, இரவில் காஸ்தீயோ எனும் வாணவேடிக்கைக் கோபுரம். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் நண்பகல் ஊர்வலத்துக்கு வந்து மாலையில் கிளம்பிவிடுகிறார்கள். என் கருத்தில், ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால் விஸ்பெராவுக்கு ஒதுக்குவது மேல். அன்று கூட்டம் இல்லை, வேலை நிறைய இருக்கிறது, உங்களை நிமிர்ந்து பார்த்து யார் என்று கேட்க மக்களுக்கு நேரமும் இருக்கிறது. அன்று அறிமுகமான முகங்கள் மறுநாள் ஊர்வலத்தில் உங்களுக்கு இடம் விடும்.

இதற்கு மெக்சிகோவின் ஒளிப்பட வரலாற்றிலேயே சான்று உண்டு. ஒளிப்படக் கலைஞர் கிராசியேலா இதுர்பிதே, ஓவியர் பிரான்சிஸ்கோ தொலேதோவின் அழைப்பின் பேரில் 1979 இல் வஹாக்கா மாநிலத்தின் ஹுச்சித்தான் ஊருக்குச் சென்றார். ஒருமுறை எடுத்துவிட்டுத் திரும்பவில்லை. அங்குள்ள பெண்களின் வீடுகளில் தங்கி, அவர்களோடு சந்தைக்குப் போய், ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் சென்றார். அவருடைய படங்களில் உள்ளவர்கள் கேமராவுக்கு அஞ்சாமல் நேராக நிற்பதற்குக் காரணம் லென்ஸ் அன்று.

அனுமதி

ஊருக்குள் நுழைந்ததும் முதல் வேலை, கேமராவைப் பையில் வைத்துவிட்டு ஊராட்சி அலுவலகத்துக்குச் செல்வது. சிற்றூரில் அகேந்தே முனிசிபால் எனும் ஊர்ப் பொறுப்பாளர், பெரிய ஊரில் பிரெசிதென்தே முனிசிபால் எனும் ஊராட்சித் தலைவர் அலுவலகம் இருக்கும். வஹாக்கா மாநிலத்தின் 570 முனிசிபியோக்களில், அதாவது உள்ளாட்சிப் பிரிவுகளில், 400க்கும் மேற்பட்டவை தம் மரபு வழக்கப்படியே அதிகாரிகளைத் தேர்ந்தெடுப்பவை. அங்கே ஊர்க்கூட்டத்தின் சொல்லுக்கு உண்மையான அதிகாரம் உண்டு. நீங்கள் யார், எதற்காகப் படம் எடுக்கிறீர்கள், அவை எங்கே போகும் என்பதை இரண்டு மூன்று வாக்கியங்களில் சொல்லி, எங்கே எடுக்கக் கூடாது என்று கேளுங்கள். எங்கே எடுக்கலாம் என்று கேட்பதைவிட இப்படிக் கேட்பதற்கு மிகத் தெளிவான பதில் கிடைக்கும். அடுத்து மயோர்தோமோவைக் காண வேண்டும். வெறுங்கையுடன் போகாமல் பெரிய மெழுகுவர்த்தி அல்லது பூங்கொத்து கொண்டு செல்வது மரியாதை. அது வீட்டுப் பீடத்தில் வைக்கப்படும்.

எடுக்கவே கூடாத இடங்கள் உண்டு, அவற்றில் பேரம் பேச இடமில்லை. சியாப்பாஸ் மாநிலத்தில் சோட்சில் மக்கள் வாழும் சான் ஹுவான் சாமுலாவின் கோயிலுக்குள் படமெடுப்பது முற்றாகத் தடை செய்யப்பட்டுள்ளது. பைன் இலை பரப்பிய தரையில், வரிசை வரிசையாக எரியும் மெழுகுவர்த்திகளின் முன் குடும்பங்கள் அமர்ந்து நோய் தீர வேண்டிக்கொள்ளும் இடம் அது. கைப்பேசியை மறைத்து வைத்து எடுக்க முயன்றவர்கள் ஊர்க்காவலர்களிடம் சிக்கியிருக்கிறார்கள். அண்டை ஊரான சினாகந்தானிலும் கோயிலுக்குள் இதே தடை. அங்கெல்லாம் சடங்குப் பொறுப்பாளர்களை வெளியில் கண்டாலும் கேமராவை உயர்த்தாமல் இருப்பதே சரி. சோனோராவின் யாக்கி மக்கள் தம் தவக்காலச் சடங்குகளைப் படமெடுக்க விடுவதில்லை. நயரித் மலைகளில் கோரா மக்களின் புனித வாரத்துக்குச் செல்பவர்கள், அங்குள்ள பாரம்பரிய அதிகாரிகளின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் கேமராவை வெளியே எடுக்கவே கூடாது. இத்தகைய இடங்களுக்குப் போவதே வீண் என்று எண்ண வேண்டாம். கேமரா இல்லாமல் சாமுலாக் கோயிலில் அரை மணி நேரம் நின்றவருக்கு, வேறு ஊரில் மெழுகுவர்த்தி ஒளியில் ஒரு குடும்பத்தை எப்படி அணுகுவது என்பது சொல்லாமலே விளங்கும்.

தனி மனிதர்களிடம் கேட்கும் முறை எளிது. முதலில் நேரத்துக்கேற்ற வணக்கம்: காலையில் புவேனோஸ் தீயாஸ், நண்பகலுக்குப் பின் புவேனாஸ் தார்தேஸ். வணக்கம் சொல்லாமல் எதையும் கேட்பது அங்கே முரட்டுத்தனம். அதன் பின் "மே பெர்மீத்தே தொமார்லே ஊனா ஃபோத்தோ?" என்று கேட்கலாம், மரியாதைப் பன்மையில் "உங்களை ஒரு படம் எடுக்க அனுமதிப்பீர்களா" என்பது பொருள். பிறருக்கு முன்னால் குறுக்கே செல்ல நேர்ந்தால் "கோன் பெர்மீசோ" என்று சொல்லிவிட்டுக் கடக்க வேண்டும். சோட்சில் ஊர்களில் நன்றிக்குக் "கோலவால்" என்ற ஒரு சொல் தெரிந்திருந்தால்கூட முகங்கள் மலர்வதைக் காணலாம். தலையை மெல்லத் திருப்பிக்கொள்வதும், துப்பட்டாவைப் போன்ற ரெபோசோவை முகத்தின் மீது இழுப்பதும் மறுப்பே. அதன் பிறகு தொலைவிலிருந்து நீண்ட லென்ஸில் எடுப்பது திருட்டுக்குச் சமம். குழந்தைகளைப் படமெடுக்க, உடனிருக்கும் தாயிடமோ பாட்டியிடமோ கேட்க வேண்டும். குழந்தை சிரித்து நிற்பது அனுமதி ஆகாது.

பணம் பற்றிய கேள்வி எழும். சந்தையிலும் சுற்றுலா மிகுந்த இடங்களிலும் படத்துக்குச் சில பெசோக்கள் கேட்பார்கள். கொடுக்கச் சம்மதித்தால் முகம் சுளிக்காமல் கொடுங்கள், சம்மதமில்லை என்றால் எடுக்காதீர்கள். நேர்த்திக்கடனாக ஆடுபவரின் கையில் ஆட்டத்துக்கு நடுவே காசு திணிப்பது அவரைச் சிறுமைப்படுத்துவதாக அமையக்கூடும். அங்கே நடனக்குழுவின் பொறுப்பாளரிடமோ கோயில் உண்டியலிலோ கொடுப்பது பொருத்தம். மெக்சிகோவின் 1996 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 87 ஆம் பிரிவு, ஒருவரின் உருவப்படத்தை அவருடைய வெளிப்படையான இசைவு இருந்தால்தான் பயன்படுத்தவோ வெளியிடவோ முடியும் என்கிறது. கூட்டத்தின் சிறு பகுதியாகத் தெரிபவர்களுக்கும், பொது இடத்தில் செய்திக்காக எடுக்கப்பட்ட படங்களுக்கும் அதில் விலக்கு உண்டு. விளம்பரத்துக்கோ விற்பனைக்கோ பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் எழுத்து வடிவில் இசைவு பெற்றுக்கொள்வது கட்டாயம் என்றே கொள்ளுங்கள்.

கருவிகள் குறித்துச் சில சொற்கள்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கேமரா, 28 அல்லது 35 மி.மீ. குவியத் தொலைவு கொண்ட, எஃப் 2 வரை திறக்கக்கூடிய ஒரு லென்ஸ், 85 மி.மீ. அளவில் இன்னொன்று. கம்பத்திலிருந்து பறந்திறங்கும் மனிதர்களின் சடங்குக்கு மட்டும் 200 மி.மீ. உதவும். பெரிய லென்ஸ்களும் மார்பில் தொங்கும் இரண்டு கேமராக்களும் உங்களைப் பத்திரிகைக்காரர் ஆக்கிவிடும். அதன் பிறகு ஊரார் இயல்பாக இருப்பது அரிது. முக்காலி வாணவேடிக்கைக்கு மட்டும். தொல்லியல் தளங்களில் திருவிழா நடந்தால், அவற்றை நிர்வகிக்கும் தேசிய மானுடவியல் வரலாற்று நிறுவனத்தின் முன் அனுமதி இல்லாமல் முக்காலியையும் டிரோனையும் பயன்படுத்த முடியாது. ஊர்த் திருவிழாவின் மேல் டிரோன் பறக்கவிடுவதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். அதன் இரைச்சல் குழலோசையையும் வேண்டுதலையும் ஒருசேரக் கெடுத்துவிடும். மே, ஜூன் முதல் அக்டோபர் வரை பிற்பகல் மழை வழக்கம் என்பதால் மழையுறை தேவை. மேட்டுநில ஊர்கள் பல 2,000 மீட்டருக்கு மேல் இருப்பதால் நவம்பர் இரவுக்குக் கம்பளி உடையும், குளிரில் விரைவில் தீர்ந்துபோகும் மின்கலங்களுக்கு மாற்றும் தேவை.

ஒளி

மெக்சிகோவின் மேட்டுநில நண்பகல் ஒளி இரக்கமற்றது. வானம் தெளிவு, சுவர்கள் சுண்ணாம்பு வெண்மை, ஆண்களின் தலையில் அகன்ற ஓலைத் தொப்பி. முகம் முழுவதும் கரிய நிழலில் போய்விடும். ஊர்வலம் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் வருகிறது என்பதால் இதைத் தவிர்க்க முடியாது, சமாளிக்கத்தான் முடியும். ஊர்வலம் வரும் தெருவை முன்கூட்டியே நடந்து பார்த்து, வெயில் படும் வெண்சுவருக்கு எதிர்ப்பக்கம் நிழலில் இருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். சுவரிலிருந்து திரும்பும் ஒளி தொப்பிக்கு அடியில் புகுந்து முகத்தை எழுப்பும். புழுதித் தெருவும் இவ்வாறே கீழிருந்து ஒளியைத் திருப்பும். கோயில் வாசலில் இருளிலிருந்து வெளிச்சத்துக்குச் சிலை வரும் அந்தச் சில விநாடிகளே சிறந்த தருணம் என்பதால், வெளிச்சத்துக்கு ஏற்றவாறு ஒளியளவை (எக்ஸ்போஷர்) முன்பே கையால் அமைத்துவிட்டுக் காத்திருங்கள். தானியங்கி அமைப்பு அந்த இடத்தில் தவறாமல் ஏமாற்றும். கேமரா பதிவு செய்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் ரா (RAW) கோப்பாகவே எடுக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஃபிளாஷை நான் ஊர்த் திருவிழாவில் பயன்படுத்துவதில்லை. திருப்பலியிலும் கல்லறையிலும் அது அவமதிப்பு; நடனத்தில் முகமூடிக்குள்ளிருந்து குறுகிய துளை வழியாகப் பார்ப்பவரின் கண்ணைக் கூசச் செய்து இடறச் செய்யும்.

இறந்த உறவினர்களின் ஆன்மாக்களை வரவேற்கும் இறந்தோர் இரவு தனிக் கவனத்துக்குரியது. அக்டோபர் 31 இரவு முதல் நவம்பர் 2 வரை ஊருக்கு ஊர் நேரம் மாறும். வஹாக்கா நகரை ஒட்டிய ஹோஹோகோத்லானில் அக்டோபர் 31 இரவு கல்லறைகள் ஒளிர்கின்றன. மெக்சிகோ நகரின் தென்கிழக்கு ஓரத்தில் உள்ள சான் ஆந்திரேஸ் மிஸ்கிக்கில் நவம்பர் 2 மாலையில் அனைத்துக் கல்லறைகளிலும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். மிச்சோவக்கானின் பாட்ஸ்குவாரோ ஏரியைச் சுற்றியுள்ள புரேபெச்சா ஊர்களில் நவம்பர் 1 இரவு முழுவதும் விழித்திருக்கிறார்கள். ஏரியின் நடுவே உள்ள ஹனிட்சியோ தீவின் பெயரே எங்கும் அறியப்பட்டிருப்பதால், அங்கே குடும்பங்களைவிடப் பார்வையாளர்களே மிகுதி. கரையோரத்துச் சிறிய கல்லறைத் தோட்டம் ஒன்றைத் தேர்ந்து, ஒரே இடத்தில் இரவைக் கழிப்பது எவ்வளவோ மேல்.

மெழுகுவர்த்தி ஒளியில் எஃப் 1.8, ஐஎஸ்ஓ 3200 முதல் 6400, ஷட்டர் நொடியில் 60 இல் ஒரு பங்கு என்பதிலிருந்து தொடங்கலாம். அமர்ந்திருப்பவர்கள் அசைவதில்லை, ஆகவே மூச்சை அடக்கி 30 இல் ஒரு பங்கிலும் எடுக்க முடியும். மெழுகுவர்த்தியின் ஒளி ஏறத்தாழ 1,900 கெல்வின் வெப்பநிலை கொண்டது. அதை வெண்மையாக்க முயன்றால் இரவின் தன்மையே போய்விடும் என்பதால் வெண்சமநிலையை 3,000 கெல்வின் அளவில் வைத்து மஞ்சளை மீதம் விடுங்கள். செம்பசூச்சில் எனப்படும் துலுக்கச் சாமந்தியின் ஆரஞ்சு நிறம், படத்தின் சிவப்புப் பகுதியை மற்றவற்றுக்கு முன்பே நிரப்பிவிடும். மொத்த வெளிச்ச வரைபடம் (ஹிஸ்டோகிராம்) சரியாக இருப்பதாகக் காட்டினாலும், சிவப்பின் தனி வரைபடம் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டிருக்கும். மூன்றில் இரண்டு படி குறைத்து எடுத்தால் இதழ்களின் மடிப்பு காப்பாற்றப்படும். ஒளி தாழ்வாக எரிவதால் நீங்களும் தரையில் அமர வேண்டும். நின்றபடி எடுத்தால் உச்சந்தலையும் கரிய முதுகும்தான் கிடைக்கும். கல்லறை மேட்டையும் தரையில் தூவிய இதழ்ப் பாதையையும் மிதிக்கக் கூடாது. அந்தப் பாதை, வரும் ஆன்மாக்கள் வழி காண்பதற்காக அமைக்கப்பட்டது. ஒரு குடும்பம் உங்களை அழைத்துத் தமாலே எனும், இலையில் மடித்து வேகவைத்த சோளமாவு உணவும் சூடான பானமும் தந்தால், முதலில் வாங்கி உண்ணுங்கள். யாருக்காக இந்த மெழுகுவர்த்தி என்று கேளுங்கள். படம் அதற்குப் பிறகு. 2008 இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்த இந்த மரபு, ஒவ்வொரு கல்லறையிலும் ஒரு குறிப்பிட்ட மனிதரின் நினைவாகத்தான் நடைபெறுகிறது.

நடனமும் முகமூடியும்

சியாப்பா தே கோர்சோ ஊரில் ஜனவரி 4 முதல் 23 வரை நடக்கும் பெருவிழாவில் பராச்சிக்கோக்கள் ஆடுகிறார்கள். 2010 இல் யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்ற நடனம் இது. மெருகு பூசிய மரமுகமூடி, கற்றாழை நாரால் ஆன பொன்னிறத் தலையணி, வண்ணச் சால்வை, கையில் சின்சின் எனும் கிலுகிலுப்பை. ஜனவரி 15, 17, 20 ஆகிய நாட்களில் இவர்கள் காலையிலிருந்து தெருத்தெருவாக ஆடிச் செல்வார்கள். மெருகு முகமூடியின் கன்னத்திலும் நெற்றியிலும் வானத்தின் ஒளி வெள்ளைத் திட்டாக விழுவதே இங்கே பெரிய சிக்கல். வெயிலில் நேராக எடுப்பதைவிடக் கூரை நிழலிலோ பிற்பகல் சாய்வொளியிலோ எடுத்தால் மரத்தின் நிறம் தெரியும். ஒளியை முனைவாக்கும் வடிப்பான் (போலரைசர்) சிறிது உதவும், ஆனால் ஒளியைக் குடித்துவிடும். முகமூடிக்கு அசைவில்லை என்றாலும் பாவம் உண்டு. தலை சற்றுத் தாழ்ந்தால் துயரம், நிமிர்ந்தால் செருக்கு. அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முதல் அரை மணி நேரத்தைப் படமெடுக்காமல் செலவிடுவது வீணாகாது.

நடனத்தின் அமைப்பைக் கற்றுக்கொள்வதும் அப்படியே. பெரும்பாலான நடனங்கள் இரு வரிசைகளாகவும், ஒவ்வோர் அடியும் பல முறை மீளும்படியும் அமைந்தவை என்பதால், முதல் சுற்றில் தவறவிட்டது அடுத்த சுற்றில் திரும்பி வரும். குதிப்பின் உச்சியில் உடல் ஒரு கணம் நிற்கும். அந்த இடத்தில் 250 இல் ஒரு பங்கே போதும். இறகு மகுடமும் நாடாக்களும் சுழல்வதைக் காட்ட 15 அல்லது 30 இல் ஒரு பங்குக்கு இறங்கி, ஆடுபவரின் தலையோடு கேமராவை நகர்த்துங்கள். வரிசைகளுக்கு இடையே நுழையாதீர்கள். முகமூடியைக் கழற்றித் தண்ணீர் குடிக்கும் நேரம் கண்ணைக் கவரும் காட்சிதான். இருப்பினும் முகம் மறைந்திருப்பதே நேர்த்தியின் பகுதியாக இருக்கும் ஊர்கள் உண்டு என்பதால் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும்.

கம்பத்திலிருந்து பறந்திறங்கும் வொலாதோரேஸ் சடங்கு, வேராக்ரூஸின் பாப்பாந்த்லா வட்டாரத் தொத்தொநாக் மக்களோடு சேர்த்து அறியப்படுவது. 2009 இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. புவெப்லாவின் மலையூரான குவெட்சாலானில் அக்டோபர் 4 ஐ ஒட்டிய திருவிழாவில் கோயில் முற்றத்திலேயே இதைக் காணலாம். ஐவர் ஏறுகிறார்கள், ஒருவர் உச்சியில் சிறிய மேடையில் குழலும் சிறுபறையும் இசைக்க, நால்வர் இடுப்பில் கட்டிய கயிற்றுடன் தலைகீழாகச் சுழன்று இறங்குகிறார்கள். ஒவ்வொருவரும் 13 சுற்று, நால்வருக்கும் சேர்த்து 52. பழங்காலத்து நாட்காட்டிச் சுழற்சியின் ஆண்டுக் கணக்கு அது. வானம் பின்னணியாக இருப்பதால் கேமரா மனிதர்களைக் கருநிழலாக்கும். ஒரு படி முதல் ஒன்றரைப் படி வரை கூட்டி எடுக்க வேண்டும். தெளிவாக நிறுத்த 1000 இல் ஒரு பங்கு, சுழற்சியைக் காட்ட 60 இல் ஒரு பங்கு. கம்பத்தின் அடியிலேயே நின்றால் எல்லாம் வானமாகிவிடும். சற்று விலகி, கோயில் கோபுரமோ மலைச்சரிவோ சட்டத்துக்குள் வரும்படி நின்றால்தான் உயரம் உணரப்படும். குவெட்சாலானில் மூடுபனி அடிக்கடி இறங்கும். அதற்காக வருந்த வேண்டாம், பனிக்குள்ளிருந்து கயிறும் மனிதனும் மட்டும் வெளிப்படும் படங்களை வெயில் நாளில் பெறவே முடியாது. ஏறுவதற்கு முன் கம்பத்தைச் சுற்றி ஆடும் ஆட்டமும், உச்சியில் இருப்பவர் நான்கு திசைகளை வணங்குவதும் சடங்கின் உள்ளம். கூட்டம் இவற்றின்போது பேசிக்கொண்டிருக்கும், நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள்.

நெருப்பும் வெடிமருந்தும்

இரவில் கொளுத்தும் காஸ்தீயோ, சக்கரங்கள் கட்டிய உயரமான கோபுரம். கீழிருந்து மேலாக அடுக்கடுக்காகப் பற்றி, இறுதியில் உச்சிச் சக்கரம் வானில் எழும்பும். முக்காலியில் ஐஎஸ்ஓ 100, எஃப் 11, இரண்டு முதல் நான்கு விநாடி என்று வைத்தால் சக்கரங்கள் முழு வட்டமாகப் பதியும். கோபுரத்தை மட்டும் எடுக்காமல், கீழே அண்ணாந்து நிற்கும் மக்களின் விளிம்புருவங்களையும் சேர்த்து எடுங்கள். தொரீத்தோ என்பது வெடி கட்டிய காளைச் சட்டகத்தைத் தோளில் சுமந்து கூட்டத்துக்குள் ஓடுவது. மெக்சிகோ மாநிலத்தின் துல்தெபெக், வாணவேடிக்கைத் தொழிலுக்கே பெயர் பெற்ற ஊர். அங்கே மார்ச் 8 ஐ ஒட்டி இவ்வகைக் காளைகள் பேரளவில் எரிகின்றன. தீப்பொறி பட்டால் உருகி ஒட்டும் செயற்கை நூல் துணி வேண்டாம், பருத்தி மட்டுமே. கண்ணாடியும் தொப்பியும் அணிந்து, லென்ஸின் முன் பழைய வடிப்பான் ஒன்றை மாட்டி, ஓடித் தப்ப வழியுள்ள மூலையில் நில்லுங்கள். கேமராவில் கண்ணை ஒட்டிக்கொண்டு பின்வாங்கி நடப்பதே காயங்களுக்குக் காரணமாகிறது. புவெப்லாவின் வெஹோட்சிங்கோ கார்னிவலில் நாள் முழுவதும் கருமருந்துத் துப்பாக்கிகள் முழங்கும். அங்கே காதடைப்பான் இல்லாமல் நிற்கக் கூடாது.

கெரேரோவின் சித்லாலாவில் மே மாதத் தொடக்கத்தில் மழை வேண்டி நடக்கும் புலிச் சண்டையில், தடித்த தோல் முகமூடி அணிந்தவர்கள் முறுக்கிக் கடினமாக்கிய கயிற்றால் ஒருவரையொருவர் அடிக்கிறார்கள். அந்த அடி உண்மையானது. அந்த மலைப் பகுதிக்குச் செல்பவர்கள் வழித்தடத்தின் பாதுகாப்பை உள்ளூரில் விசாரித்து, பகலிலேயே பயணம் செய்ய வேண்டும்.

அடுப்படி

எல்லாரும் முற்றத்தில் இருக்கும்போது நீங்கள் மயோர்தோமோ வீட்டுப் பின்கட்டுக்குச் செல்லுங்கள். அகலமான மண் சட்டிகளில் மோலே எனும் மிளகாய்க் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். பெண்கள் வட்டமாக அமர்ந்து தமாலேக்களை இலையில் மடித்துக்கொண்டிருப்பார்கள். விறகுப் புகையினூடே ஓட்டுக் கூரையின் இடுக்குகளிலிருந்து ஒளி கற்றையாக இறங்கும். மெக்சிகோவின் திருவிழா ஒளியில் இதைவிட அழகான ஒன்றை நான் கண்டதில்லை. ஆனால் அது அழகாக இருக்கிறது என்பதற்காக நுழைய முடியாது. விஸ்பெரா அன்று போய் வெங்காயம் உரிக்கவோ தண்ணீர் தூக்கவோ முன்வந்தவர்களுக்கே அந்த இடம் திறக்கும். புகையின் பின்னால் ஒளி இருக்கும்படி நின்று, முகங்களுக்கு ஏற்ப ஒளியளவை அமைத்து, 35 மி.மீ. லென்ஸுடன் அருகில் செல்லுங்கள். மாவு படிந்த கைகள், பெரிய சட்டியை இருவர் தூக்கும் தருணம், களைத்துச் சுவரில் சாய்ந்திருக்கும் மூதாட்டி ஆகியவை எந்தத் திருவிழாத் தொகுப்பிலும் குறைந்தே காணப்படுபவை. உணவு தரப்பட்டால் மறுக்க வேண்டாம். முழுதும் உண்ண முடியாவிட்டால் எடுத்துச் செல்ல வழி கேட்பது அங்கே இயல்பானது.

த்லாக்ஸ்காலாவின் உவாமாந்த்லாவிலும் இதே பாடம்தான். ஆகஸ்ட் 14 இரவு முழுவதும் வண்ண மரத்தூளால் தெருக்களில் கம்பளம் வரைந்து, நள்ளிரவுக்குப் பின் அன்னை மரியாவின் ஊர்வலம் அவற்றின் மேல் நடந்து செல்வதற்காகவே அவற்றை ஒப்படைக்கிறார்கள். முடிந்த கம்பளத்தின் படம் எல்லாரிடமும் இருக்கும். மாலை ஐந்து மணிக்குச் சல்லடையும் அச்சும் எடுத்துக்கொண்டு முழந்தாளிட்டிருக்கும் குடும்பத்தோடு நீங்கள் இருந்தால், ஊர்வலம் அதை மிதித்துக் கடக்கும்போது அவர்கள் முகத்தில் எதைத் தேட வேண்டும் என்பது தெரியும்.

திரும்பிய பின்

படங்களைத் தொகுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஊர், நாள், நடனத்தின் பெயர், அதன் உள்ளூர்ச் சொல் ஆகியவற்றை எழுதி வையுங்கள். "வண்ணமயமான மெக்சிகோ நடனம்" என்ற குறிப்பு யாருக்கும் பயன்படாது. பெயர் வெளியிடச் சம்மதித்தவர்களின் பெயர்களை அவர்கள் எழுதும் முறைப்படியே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சமூகத்தின் சடங்கு உடையையோ வடிவத்தையோ வணிகப் பொருளில் அச்சிட்டு விற்க எண்ணினால், தனி மனிதரின் இசைவு போதாது. 2022 ஜனவரியில் வெளியான கூட்டாட்சிச் சட்டம், பழங்குடி மற்றும் ஆப்பிரிக்க வழி மெக்சிகோ மக்களின் பண்பாட்டு மரபை அந்தந்தச் சமூகத்தின் கூட்டுச் சொத்தாக ஏற்கிறது.

படங்களைத் திருப்பிக் கொடுக்கும் கடமை இருக்கிறது. அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அனுப்பாமல் போனவர்களால்தான் பல ஊர்களில் அடுத்து வருபவருக்குக் கதவு அடைபடுகிறது. கைப்பேசி வழியாக அன்றிரவே சில படங்களை அனுப்பிவிடுங்கள். என்றாலும் காகிதத்தில் அச்சிட்ட படத்துக்கு இணையில்லை, அது வீட்டுப் பீடத்தில் ஏறும், ஒருநாள் இறந்தோர் இரவில் மெழுகுவர்த்தியின் அருகிலும் வைக்கப்படும். அதனால் உருவப்படங்களை நேராக, கண்ணியமாக, முழு முகமும் தெரியும்படி ஒன்றாவது கூடுதலாக எடுத்துவையுங்கள். கலைநயத்துக்காகப் பாதி முகத்தை இருளில் விட்ட படம் அந்தப் பீடத்துக்கு உதவாது. மறு ஆண்டு செல்லும்போது விஸ்பெராவுக்கே செல்லுங்கள். அதற்குள் கார்கோ கைமாறியிருக்கும். புதிய மயோர்தோமோவின் வீட்டில்தான் இப்போது அடுப்பு எரியும். ஆகவே சென்ற ஆண்டு வீட்டின் இருப்பிடத்தை முன்பே குறித்து வைத்திருந்து, ஈரம் படாதபடி உறையிட்ட படங்களை முதலில் அங்கே கொடுத்துவிட்டு, ஊர்வலத்தின் படங்கள் கொண்ட இன்னொரு தொகுதியைக் கோயில் பொறுப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டு, பிறகு புதிய வீட்டுக்கு மெழுகுவர்த்தியுடன் செல்லலாம்.